மேல வால்வு

எட்டு மணிச் சங்கு அன்று எட்டு ஒன்பதுக்கு ஊதியது.

லின்சி அப்போதுதான் மன்னார்குடிப் பேருந்திலிருந்து ஆலை வாசலில் இறங்கியிருந்தாள். காவலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாய் இருந்தா நொடி பிசகாது," என்றார். பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

பாய் என்றால் அப்துல் வஹாப். நெல் அவிக்கும் கொட்டகையின் ஷிப்ட் பொறுப்பாளர். பதினேழு வருடமாகச் சங்கு அவர் கையில் இருந்தது. ஒன்பது நாளாக இல்லை. எடைமேடைக்குப் பக்கத்தில் சிமெண்டுப் பலகையில் அவர் உட்கார்ந்திருந்ததை லின்சி பார்த்தாள். காக்கி உடுப்பு இல்லாமல், வெள்ளைச் சட்டையும் கைலியுமாக, யாரையோ பார்க்க வந்தவர் போல இருந்தார்.

"வாம்மா. சாப்பிட்டியா?"

"ஆச்சு பாய். நீங்க?"

"எனக்கென்ன, சும்மா உக்காந்திருக்கறவனுக்கு." அவள் தோள்பையைக் கண்ணால் காட்டினார். "அந்தப் பொட்டிய எடுத்துட்டு வரச் சொன்னாங்களாக்கும்."

"ஆமா பாய்."

"போ, போ. மேனேஜர் காத்துக்கிட்டிருப்பாரு."

மேலாளர் ஜெக்கரியா தரங்கம்பாடிக்காரர். குரலை உயர்த்தாதவர். அவர் மேசையில் வலதுபுறம் தினக்கூலி ஏடு, இடதுபுறம் ஒரே ஒரு தாள். தாளின்மேல் கண்ணாடிக் குண்டு. வஹாபின் சர்வீஸ் சர்டிபிகேட் அது. தட்டச்சு செய்தாகிவிட்டது, கையெழுத்தும் முத்திரையும்தான் இல்லை.

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்கு வர்றாரு," என்றார் ஜெக்கரியா. "அவருக்கு உங்க வாக்த்ரூவப் போட்டுக் காட்டணும். வேலைக்குச் சேந்த அன்னைக்கே எல்லாருக்கும் காட்டியிருக்கோம். கையெழுத்து வாங்கியிருக்கோம். எந்த வால்வ மூடணும்னு அதுல தெளிவா இருக்கு. அந்த ஆளு மூடல. மூடினானான்னு பாய் போய்ப் பாக்கல. விஷயம் அவ்வளவுதான்."

அந்த ஆள் ராம்பிரவேஷ். பீகாரிலிருந்து வந்த இருபத்திரண்டு பேரில் ஒருவர். ஒன்பது நாளைக்கு முன், நாலாம் தொட்டியைக் கழுவுவதற்காக அடிக்கதவைத் திறந்தபோது ஆவி பீறிட்டு அடித்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெந்துவிட்டன. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"அவர் எப்படி இருக்காரு சார்?"

"நடப்பான்னு சொல்றாங்க. நாளாகும்."

லின்சி தாளைப் பார்த்தாள். ஜெக்கரியாவும் பார்த்தார்.

"மஸ்கட்ல ஒரு ரைஸ்மில்லு. பாய்க்கு நல்ல வேலை. இருபத்தெட்டாம் தேதிக்குள்ள இது அங்க போய்ச் சேரணும். இல்லைன்னா விசா வேற ஆளுக்கு." அன்று இருபத்தொன்று. "விசாரணையில அவர் பேர்ல தப்பில்லைன்னு வந்தா இன்னைக்கே சீல் அடிச்சுக் குடுப்பேன். தப்புன்னு வந்தா எப்படிம்மா குடுக்கறது? நாளைக்கு அங்க ஒண்ணு ஆச்சுன்னா என் கையெழுத்துல்ல நிக்கும்?"

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை என்று லின்சிக்குத் தோன்றியது.

"கொட்டகைக்குப் போய் ஒருதடவ ஒப்பிட்டுப் பாத்துருங்க. அவரு அங்கயும் போவாரு. படமும் எடமும் ஒண்ணா இருக்கணும்."

படமும் இடமும் ஒன்றாகத்தான் இருக்கும். லின்சி எடுத்த படம்.

நவம்பர் புயலில் ஆலைக் கூரையின் தகடுகள் பாதி பறந்துபோயின. தென்னை சாய்ந்த ஒரத்தநாட்டுப் பக்கத்து ஆட்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள், திரும்பவில்லை. ஆலை பீகாரிலிருந்து ஆள் கொண்டுவந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆவியும் பெல்ட்டும் ஓடுகிற இடத்தில் ஒவ்வொருவரையும் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால்தான் தஞ்சாவூரில் ஆன்டோ நடத்திய, லின்சி வேலை பார்த்த சின்ன நிறுவனத்துக்கு இந்த வேலை வந்தது. அதுவரை அவர்கள் கல்யாண மண்டபங்களையும் கட்டிமுடிக்காத அடுக்குமாடி வீடுகளையும்தான் அப்படி எடுத்துக்கொடுத்திருந்தார்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் இடத்துக்குள் நடக்கலாம், திரும்பிப் பார்க்கலாம். அங்கங்கே அம்புக்குறி நிற்கும். அம்பைப் பார்த்தால் குரல் பேசும்.

டிசம்பர் கடைசியில் ஆலையை நிறுத்திப் பழுது பார்த்தபோது லின்சி ஆறு நாள் வந்தாள். நாற்பத்தாறு இடத்தில் கேமராவை நிறுத்தினாள். படத்தில் ஆள் யாரும் விழக் கூடாது என்று ஜெக்கரியா சொல்லியிருந்தார். எல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும். கேமரா வருவதற்கு இரண்டு நாள் முன்னால் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் பாதிச் சுவர் வரைக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

குரல் வஹாபுடையது. கூரையில் தகடு அடிக்கும் சத்தம் கேட்டதால் மேலாளரின் அறையிலேயே கதவைச் சாத்திவிட்டுப் பதிந்தார்கள். தாள் எதையும் பார்க்காமல் பேசினார். அடிக்கதவத் தொறக்கறதுக்கு முந்தி மேல வால்வ மூடணும். மூடாம கதவுல கை வைக்கக் கூடாது. பேசும்போது அவர் கை ஓயாமல் அசைந்தது. இந்த வரி வந்தபோது நாள்காட்டி மாட்டியிருந்த சுவரை நோக்கி நீண்டது.

"கைய மடியில வெச்சுக்கங்க பாய்," என்று லின்சி சொன்னாள். "மைக்குல படுது."

அவர் வைத்துக்கொண்டார்.

அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் அம்புகளை வைத்தாள். இந்தியில் எழுதியவர் சென்னையில் இருந்தார். அவர் ஆலையைப் பார்த்ததில்லை. லின்சி அனுப்பிய வரிகளையும் அம்பு நின்ற படங்களையும் பார்த்தார். ஜெக்கரியா முழுவதையும் ஹெட்செட்டில் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். வஹாப் அரை நிமிடத்தில் கழற்றிவிட்டார்.

"கப்பல்ல போறாப்ல தலைய சுத்துது. படிச்ச பொண்ணு, நீ சரியாத்தான் செஞ்சிருப்ப."

கொட்டகையில் ஈர நெல் வாசனை. இரண்டு பக்கமும் ஆறாறு தொட்டிகள், நடுவில் நடைபாதை. இரண்டு வரிசையும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றே. கொட்டகை கூட்டும் ராசம்மாள், தரையில் சிந்திக் கிடந்த நெல்லை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஹெட்செட்டைக் கண்டதும் துடைப்பத்தை ஊன்றி நின்றாள்.

"என்னாடி இது, மறுபடியும் குதிரைக்கு மாட்டுறத எடுத்துட்டு வந்துட்ட?"

"ஒப்பிட்டுப் பாக்கணும்க்கா."

"எங்கயாச்சும் முட்டிக்கிட்டு விழுந்து வைக்காத. ஏற்கனவே ஒருத்தன் கெடக்கான்."

நாலாம் தொட்டியின் முன் நின்று லின்சி ஹெட்செட்டை மாட்டினாள். அதே தொட்டி. அதே வெள்ளி நிறம். தொட்டியின் மேற்பக்கம், கைக்கு எட்டாத உயரத்தில், வால்வின் சக்கரத்தைச் சிவப்பு அம்பு சுட்டியது. வஹாபின் குரல் வந்தது. மேல வால்வ மூடணும். கழற்றிவிட்டுப் பார்த்தாள். அதே உயரத்தில் அதே சக்கரம். படமும் இடமும் ஒன்றாகத்தான் இருந்தன.

"இந்த வால்வ மூடியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுல்லக்கா," என்றாள்.

"எத?"

"இந்த மேல வால்வ."

ராசம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது உச்சி வால்வுல்ல? அதத்தான் அந்தப் புள்ள மூடியிருந்தானே. நான்தான் பாத்தேனே, ஏணி வெச்சு ஏறி மூடிட்டு எறங்குனான். உச்சிய மூடி என்னா? அடியில வர்ற ஆவி அடியில வந்துக்கிட்டுதான் இருக்கும்."

"அப்ப மேல வால்வு எது, அக்கா?"

ராசம்மாள் துடைப்பத்தைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள். தொட்டிகளுக்குப் பின்னால், பாய்லரிலிருந்து குழாய் உள்ளே வரும் இடத்தில், ஒரு பெரிய சக்கரம். இடுப்பு உயரம்கூட இல்லை.

"அந்தா. அத மூடுனா இந்த வரிச ஆறுக்கும் ஆவி நிக்கும்."

"அது கீழ இல்ல இருக்கு?"

"கீழ வால்வு அந்தப் பக்கம், கீழச் செவுத்துல. இது மேலச் செவுரு, இது மேல வால்வு." லின்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். "ஏன்டி, மேலத்தெரு என்னா வானத்துலயா இருக்கு?"

லின்சி சுவருக்குப் போனாள். சக்கரத்துக்கு மேலே வெள்ளிப் பெயிண்ட்டுக்கு அடியில் ஏதோ தடித்திருந்தது. கட்டைவிரலால் தடவினாள். எழுத்து. எண்ணெய்ப் பெயிண்டில் தடிமனாக யாரோ எழுதிய 'மே'. எதிர்ச் சுவரில் 'கீ' இருக்கவேண்டும். அவள் போய்ப் பார்க்கவில்லை.

"அதப் பாத்துத்தான் பாய் தொழுவாரு," என்றாள் ராசம்மாள் பின்னாலிருந்து. "இங்கதான் பாய விரிப்பாரு. மேக்கு அவருக்குத் தப்புமா?"

மேலாளர் அறைக்குத் திரும்பும்போது மணி ஒன்பதரை. லின்சி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். மேல வால்வு என்று பாய் சொன்னது மேற்குச் சுவரில் இருப்பதை. தான் அம்பு வைத்தது தொட்டியின் உச்சியில் இருப்பதற்கு. ராம்பிரவேஷ் அம்பு காட்டியதைத்தான் மூடியிருக்கிறார்.

ஜெக்கரியா கேட்டுக்கொண்டிருந்தார். நாள்காட்டி மாட்டிய மேற்குச் சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். அவரும் அந்த அம்பைப் பார்த்துத்தான் ஒப்புதல் கொடுத்திருந்தார்.

"நான் ஆபீஸ்லயே இருந்துட்டேன்," என்றார். "அவங்க பேச்சுல மேல கீழன்னு சொல்றது காதுல விழும். எதுன்னு நின்னு பாத்ததில்ல."

தினக்கூலி ஏட்டை மூடி வைத்தார்.

"அந்த அம்ப மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம் சார். இங்கயே மாத்தலாம். இந்தில ஒரு வரி எழுதணும்."

"அப்ப மாத்திடுங்க."

லின்சி அவரைப் பார்த்தாள்.

"எப்படியும் மாத்தத்தானம்மா வேணும்? தப்பா இருக்கறத அப்படியே விட முடியுமா? அத இப்பவே செஞ்சிருங்கங்கறேன். அவ்வளவுதான்."

"இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாடியா சார்?"

அவர் கண்ணாடிக் குண்டை ஓர் அங்குலம் நகர்த்தி வைத்தார்.

"சீசன் நேரம். வெளிய லாரி நிக்கறதப் பாத்திருப்பீங்க. ட்ரெய்னிங்கே தப்புன்னு எழுதிட்டா கொட்டகைய மூடச் சொல்லுவாங்க. எத்தன பேரு வீட்டுல அடுப்பு எரியாதுன்னு யோசிங்க."

"பாய் சர்டிபிகேட்டு?"

"பாய்க்கு நான் வேற வழி பாக்கறேன்."

என்ன வழி என்று அவள் கேட்கவில்லை. ஜெக்கரியா எழுந்து லாரிகளைப் பார்க்கப் போனார்.

அவள் கணினியைத் திறப்பதற்குள் ஆன்டோ கூப்பிட்டான். ஜெக்கரியா வெளியில் நின்றே அவனிடம் பேசிவிட்டிருந்தார்.

"லின்சி, யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"மேனேஜர்கிட்ட சொன்னேன்ண்ணா."

"வேற?"

"ராசம்மாக்காவுக்குத் தெரியும். அவங்கதான் எனக்குச் சொன்னாங்க."

"அந்தம்மா யாரு?"

"கூட்டறவங்க."

"சரி, அத விடு. இங்க பாரு, நமக்கு ஒரு வரி குடுத்தாங்க, நாம அம்பு வெச்சோம், அவங்க பாத்து ஓகே பண்ணாங்க. ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா நம்ம தப்பா?"

"நான் கேட்டிருக்கணும்ண்ணா. எந்த வால்வுன்னு."

"கேட்டிருக்கணும். கேக்கல. இப்ப சரி பண்ணிடு. யாரும் உன்ன பொய் சொல்லச் சொல்லல. அம்ப சரியான எடத்துல வைக்கச் சொல்றாங்க."

அது சரிதான் என்பதுதான் சங்கடமாக இருந்தது. லின்சி கோப்பைத் திறந்தாள். நாலாம் தொட்டி. சிவப்பு அம்பைப் பிடித்து இழுத்துச் சுவரில் இருந்த சக்கரத்தின்மேல் விட்டாள். இந்தி வரியில் உயரே என்று பொருள்படும் 'ஊபர்' என்பதை எடுத்துவிட்டு மேற்குக்கான சொல்லை எழுதினாள். ஓடவிட்டுப் பார்த்தாள். மேல வால்வ மூடணும் என்றது வஹாபின் குரல். அம்பு மேல வால்வைக் காட்டியது. ஒரு குறையும் இல்லை. முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது போல இருந்தது. இதைப் பார்த்த பிறகும் ஒருவன் உச்சி வால்வை மூடியிருந்தால் அது அவன் முட்டாள்தனம். அதைக் கவனிக்காதது பொறுப்பாளரின் அலட்சியம்.

சேமிக்கவில்லை. தண்ணீர் குடிக்க வெளியே போனாள்.

குழாய் எடைமேடைக்குப் பக்கத்தில் இருந்தது. வஹாப் அதே பலகையில் இருந்தார். நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று மேடையில் ஏறி நின்றது. அவர் எண்ணைப் பார்க்காமலே எடையைச் சொன்னார். எடை பார்ப்பவர் சிரித்தார்.

"நாப்பது கிலோ தள்ளிட்டீங்க பாய். பழக்கம் விட்டுப்போச்சு."

"ஓட்டறவன் தின்ன பிரியாணிய நான் கணக்குல எடுக்கல," என்றார் வஹாப். லின்சிக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "முடிஞ்சுதா உன் வேல?"

"கொஞ்சம் இருக்கு பாய்."

"ஒண்ணு கேக்கணும்மா உன்ன. அவன் அந்தப் பொட்டியில பாத்ததும் நான் பேசினதும் ஒண்ணுதான?"

அவள் தண்ணீரை விழுங்கினாள்.

"ஏன் பாய்?"

"அன்னைக்கு நான் டிரையர்கிட்ட நின்னேன். அங்கேந்து சத்தம் குடுத்தேன். மேல வால்வு மூடியாச்சான்னு. மூடியாச்சு பாய்னான். தமிழ்லதான் சொன்னான். போய்ப் பாத்திருக்கணும், பாக்கல. அது என் தப்புதான், அத நான் மறுக்கல." கைலியின் மடிப்பைச் சரி செய்தார். "ஆனா அவன் பொய் சொல்றவன் இல்லம்மா. ரெண்டு மாசமாப் பாக்கறேன். ஒரு மூட்ட கொறஞ்சா தானா வந்து கொறஞ்சுதுன்னு சொல்றவன். நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் மூடினேன் பாய்ங்கறான். கண்ணுல தண்ணியோட சொல்றான். நானோ, அவன் மூடலைன்னு எழுதிக் குடுத்திருக்கேன். ரெண்டுல ஒண்ணுதான உண்மையா இருக்க முடியும்?"

லாரி மேடையிலிருந்து இறங்கியது. புழுதி மெல்ல அடங்கியது.

"சர்டிபிகேட்டு வரும், வராமப் போகும்," என்றார் வஹாப். "வந்துட்டா இந்தச் சந்தேகத்த அப்படியே மஸ்கட்டு வரைக்கும் தூக்கிட்டுப் போகணும். அதான் எனக்கு விளங்கல."

லின்சி எழுந்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அறைக்குப் போய் கணினி முன் உட்கார்ந்தாள். கோப்பை மூடும் குறியை அழுத்தினாள். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

ஆய்வாளர் பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்தார். சென்னைக்காரர், மாற்றலாகி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வெயிலில் வந்த முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். மோர் குடித்தார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாலாம் தொட்டிவரை பார்த்தார். ஜெக்கரியா சன்னலோரமாக நின்றார். லின்சி கணினியில் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்பு உச்சியில் இருந்தது. ஜெக்கரியாவும் அதைப் பார்த்தார்.

"க்ளியராத்தானே இருக்கு?" என்றார் ஆய்வாளர், கழற்றிவிட்டு. "மேல வால்வ மூடணும்னு வாய்ஸ் சொல்லுது. ஆரோ மேல இருக்கற வால்வக் காட்டுது."

"அந்த அம்பு தப்பு சார்," என்றாள் லின்சி. "நான் வெச்சது."

"தப்புன்னா?"

"மேல வால்வுன்னா மேல இருக்கற வால்வு இல்ல சார்."

ஆய்வாளர் அவளைப் பார்த்தார். பிறகு ஜெக்கரியாவைப் பார்த்தார்.

"மேலன்னா மேலதானம்மா? பின்ன என்ன கீழயா?"

"மேக்கு சார். மேற்கு."

"மேற்குன்னு சொல்லலையே. நானும் கேட்டேனே."

"இங்க அப்படித்தான் சார் சொல்லுவாங்க."

"இங்கன்னா? நீங்க அப்படிச் சொல்லுவீங்களா?"

அவள் யோசித்தாள். "நான் சொல்ல மாட்டேன் சார். அதான் தப்பா வெச்சேன்."

ஆய்வாளர் பேனாவை மூடித் திறந்தார். யாரையோ காப்பாற்ற இந்தப் பெண் கதை கட்டுகிறாள் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. கோபமில்லாமல்தான் பேசினார்.

"சரி. உங்க கையால எழுதிக் குடுங்க. பேரு, அட்ரஸ் போட்டு. என்ன செஞ்சீங்க, எதப் பாத்து செஞ்சீங்க, எல்லாம். யோசிச்சு எழுதுங்க. இது ஃபைல்ல இருக்கும்."

ஒரு தாளைக் கொடுத்தார். லின்சி எழுத ஆரம்பித்தாள். பெயர். தகப்பனார் பெயர் கிளமென்ட். கதவிலக்கம் பதினான்கு. அடுத்த சொல்லைப் பாதி எழுதியபின் கை நின்றது. பள்ளிக்கூடத்து அட்டையிலிருந்து ஆதார் அட்டைவரை அவள் எழுதிவந்த சொல்தான். ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை. எழுதி முடித்தாள். கீழே நடந்ததை எட்டு வரியில் எழுதிக் கையெழுத்திட்டாள்.

ஆய்வாளர் தாளை வாங்கி மேலிருந்து படித்தார்.

"மேல அலங்கம்," என்றார். "மாடி வீடா?"

"இல்ல சார். தெருப் பேரு."

"அப்ப கீழ அலங்கம்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு சார்."

"அது எங்க இருக்கு? உங்க வீட்டுக்கு அடியிலயா?"

சன்னலோரம் ஜெக்கரியா தொண்டையைச் செருமினார்.

"ஊருக்கு அந்தப் பக்கம் சார்," என்றாள் லின்சி. "கெழக்க."

ஆய்வாளர் எதையும் எழுதவில்லை. தாளிலிருந்த அந்த ஒரு சொல்லின்மேல் பேனா முனையை வைத்திருந்தார். பிறகு அதன் அடியில் மெல்லக் கோடிட்டார்.

"தஞ்சாவூர்ல அடிக்கடி கேள்விப்படறேன்," என்றார். "மேல வீதி, கீழ வீதின்னு. ஏதோ மேடு பள்ளம்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"அந்தச் செவுத்துல எழுதியிருந்துது சார்," என்றாள் லின்சி. "மே, கீன்னு. பெயிண்டு அடிச்சதுல மறைஞ்சுபோச்சு. தடவினா தெரியும்."

"பெயிண்டு யாரு அடிச்சது?"

ஜெக்கரியா சன்னலை விட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தான் அடிக்கச் சொன்னேன் சார். படம் நல்லா வரணும்னு."

ஆய்வாளர் அதை எழுதிக்கொண்டார்.

"செவுத்தப் பாத்துடறேன். அதுக்கு முன்னாடி அவரக் கூப்பிடுங்க. அந்த சூப்பர்வைசரை."

வஹாப் வந்தார். செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. ஆய்வாளர் லின்சியின் தாளை அவருக்குப் படித்துக் காட்டினார். எட்டு வரியையும் அவர் தலைகுனிந்து கேட்டார். ராம்பிரவேஷ் அம்பு காட்டியதை மூடினார் என்ற வரி வந்தபோது நிமிர்ந்தார். லின்சியைப் பார்த்தார்.

"அப்ப அவன் மூடித்தான் இருந்தான்," என்றார்.

"ஆமா பாய்."

"நான் கேட்டதும் சரி. அவன் சொன்னதும் சரி."

"ஆமா பாய்."

வஹாப் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். துடைக்காமல் திரும்ப வைத்துவிட்டார்.

"இதுல ஒருதடவ பாத்து, நீங்க சொன்ன வால்வு எதுன்னு காட்டிடுங்க," என்றார் ஆய்வாளர். "கை காட்டினாப் போதும். இவங்க கம்ப்யூட்டர்ல தெரியும். நான் குறிச்சுக்கறேன்."

வஹாப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி லின்சியிடம் கொடுத்தார். அவள் ஹெட்செட்டை மாட்டி, பின்னால் பட்டையை இறுக்கினாள். ஜெக்கரியா கண்ணாடிக் குண்டின்மேல் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அடியில் தாள் இருந்தது.

வஹாப் அறையின் நடுவில் நின்றார். கை தானாக எழுந்து நாள்காட்டி மாட்டிய சுவரை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. படத்தில் அந்தப் பக்கம் எதிர் வரிசைத் தொட்டிகள் இருந்தன. மெதுவாகத் திரும்பினார். அங்கேயும் ஆறு தொட்டிகள், வெள்ளி நிறத்தில். ஒரு ஆள் இல்லை. ஆவி இல்லை. இரண்டு சுவரிலும் எழுத்து இல்லை. மறுபடி திரும்பினார். கையை இறக்கிவிட்டு, பார்க்க முடியாத லின்சியின் பக்கம் முகத்தைச் சாய்த்தார்.

"ஏம்மா," என்றார், "இதுல மேக்கு எந்தப் பக்கம்?"